களமும் கழகமும்

(காவிரிப் படுகைச் சிற்றூர் ஒன்றில் இளைஞர் கால்பந்துக் கழகத் தொடக்க விழாவின்போது ஆற்றப்பெற்ற உரை)

மாலை ஆட்டம் முடித்து, காலில் ஒட்டிய களத்து மண்ணோடு வந்தமர்ந்திருக்கும் இளைஞர்களே!

இத்தகைய விழாக்களிலே பேச வருவோர், உடல்நலம் பற்றியும் ஒற்றுமை பற்றியும் நான்கு நல்ல சொற்களைச் சொல்லிவிட்டு, பந்தை ஒருமுறை உதைத்துப் படமும் எடுத்துக்கொண்டு போய்விடுவது வழக்கம். நான் இன்று அவ்வாறு செய்ய எண்ணவில்லை. இவ்வூர் இளைஞர்கள் என்னை அழைத்தபொழுது, தங்கள்முன் நிற்கும் ஒரு கேள்வியையும் உடன் சொன்னார்கள். வெளியூர்ச் செல்வர் ஒருவர் இக் கழகத்தின் முழுச் செலவையும் தாமே ஏற்பதாகக் கூறியிருக்கின்றார். அவர் கேட்பன இரண்டு. ஒன்று, கழகம் அவருடைய வணிக நிறுவனத்தின் பெயரைத் தாங்க வேண்டும். மற்றொன்று, இவ்வாண்டே கோப்பையை வென்றுவிட வேண்டும். அதன்பொருட்டு வெளியிலிருந்து எழுவரைக் கூலிக்கு அமர்த்தித் தருவார். பதினொருவரில் எழுவர் வெளியார் என்றால் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எஞ்சுவன நான்கே இடங்கள். இக் கொடையைக் கொள்வதா, தள்ளுவதா? இதுவே கேள்வி.

இதற்கு நான் என் விருப்பத்தை விடையாகச் சொன்னால் அது வெறும் கருத்து. நடந்த வரலாற்றை எடுத்துச் சொன்னால் அது சான்று. ஆகவே உங்கள்முன் சில கழகங்களின் வரலாற்றை வைக்கின்றேன். அவற்றுள் ஒன்று நம் தமிழ்நாட்டுக் கழகம். மற்றவை நெடுந்தொலைவில் உள்ள எசுப்பானிய நாட்டின் சிறு கழகங்கள். சென்னைக்கும் எசுப்பானியாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. அதை இப்பொழுதே காண்போம்.

ஒரு கோப்பையின் கதை

1946-ஆம் ஆண்டு சென்னையிலே நேதாசி விளையாட்டுக் கழகம் என்றொரு கழகம் தோன்றியது. நகரத்துக் கூட்டமைப்புப் போட்டிகளிலே எழுபதாண்டுக் காலம் ஆடிவந்தது. நாடறிந்த கழகம் அன்று அது. பின்னாளில் அதற்குப் புதிய உரிமையாளர் வாய்த்தனர். ‘சென்னை சிட்டி’ என்று பெயரும் மாறியது. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஐ-லீக்’ எனும் இந்தியக் கூட்டமைப்புப் போட்டியில் அதற்கு நேரடியாக இடம் கிடைத்தது. முதற் பருவத்தில் பத்துக் கழகங்களுள் எட்டாம் இடம். அடுத்த பருவத்திலும் எட்டாம் இடமே. சென்னையின் பெயர் தாங்கிய அக் கழகம் தன் இரண்டாம் பருவம் முதல் ஆடிய களமோ கோவை நேரு விளையாட்டரங்கம். பெயர் ஓரூர், களம் வேறூர்! இதை மனத்தில் இருத்துங்கள்.

2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்குபர் நவாசு என்பார் பயிற்றுநராக வந்தார். அவர் வந்த பருவத்தில் எசுப்பானியாவிலிருந்து ஆட்டக்காரர் சிலரும் வந்தனர்: பெதுரோ மான்சி, நெசுத்தர் கோர்தில்லோ, சாந்துரோ, எசுலாவா, இலக்குக் காவலர் சந்தானா. எசுப்பானியாவின் முதற்படிக் கழகங்களில் ஆடிப் பெயர் பெற்றவர்கள் அல்லர் இவர்கள். கீழ்ப்படிகளில், சிற்றூர்க் கழகங்களில், சிறிய ஊதியத்துக்கு ஆடியவர்கள். ஆயினும் இங்கே வந்து அவர்கள் ஆடிய ஆட்டம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. மான்சி அப் பருவத்தில் 21 இலக்குகளை அடித்தார்.

2019 மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள். பருவத்தின் இறுதி ஆட்டம். கோவைக் களத்திலே சென்னைக் கழகம் மினர்வா பஞ்சாபை எதிர்கொள்கின்றது. அதே வேளையில் கோழிக்கோட்டிலே, ‘ஈசுட்டு பெங்கால்’ எனப்படும் கீழை வங்கக் கழகம் கேரளத்துக் கோகுலத்தோடு ஆடுகின்றது. சென்னை வழுக்கி, வங்கம் வென்றால் கோப்பை கல்கத்தாவுக்குப் போய்விடும். முதல் இலக்கைப் பஞ்சாபே அடித்தது. பின்னர் மான்சி சமன் செய்தார். அசாமியரான கௌரவ் போரா இரண்டு இலக்குகளை அடித்தார். மூன்றுக்கு ஒன்று என வெற்றி. 20 ஆட்டங்களில் சென்னைக்கு 43 புள்ளிகள். வங்கக் கழகத்துக்கு 42. ஒரே புள்ளியில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. ஐ-லீக் போட்டியைத் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று வென்றது அதுவே முதன்முறை.

மகிழத்தக்க செய்தி, ஐயமில்லை. அதே 2019-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் சென்னைக் கழகத்தின் பங்குகளில் நூற்றுக்கு இருபத்தாறை வாங்கியது. பொற்காலம் பிறந்துவிட்டதென்றே பலரும் எண்ணினர்.

பிறகு நடந்ததென்ன? கோர்தில்லோ ஐதராபாத்துக் கழகத்துக்குப் போனார். 2020 தொடக்கத்தில் ஆசியப் போட்டியின் முன்சுற்றில் பாக்ரைன் நாட்டு இரிபா கழகத்திடம் ஓர் இலக்கில் தோல்வி. அதன்பின் மான்சியும் சப்பானிய நாட்டுக்குப் போய்விட்டார். கொள்ளைநோய் வந்தது. 2020–21 பருவத்து ஆட்டங்கள் யாவும் பார்வையாளர் இன்றி மேற்கு வங்கத்திலே நடைபெற்றன. பட்டம் வென்ற கழகம் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்தது. 2021–22 பருவப் பட்டியலில் அக் கழகத்தின் பெயரே இல்லை!

எண்ணிப் பாருங்கள். கோப்பையைத் தூக்கிய நாளுக்கும் பட்டியலில் பெயர் மறைந்த நாளுக்கும் இடையே மூன்று முழு ஆண்டுகள்கூட இல்லை. எழுபதாண்டு சிறு கழகமாய் நின்றது வாழ்ந்தது. மூவாண்டு பெருங் கழகமாய் நின்றது வீழ்ந்தது.

இதில் வந்தவர்மேல் எனக்குக் குறையில்லை. எசுப்பானியரும் அசாமியரும் சிங்கப்பூரரும் வாங்கிய ஊதியத்துக்கு மேலாகவே உழைத்தார்கள். பிறநாட்டார் என்பதற்காக அவர்களை இகழ்வது தமிழர் பண்பும் ஆகாது. முழுப் பழியும் கழகத்துக்கே என்றும் சொல்ல மாட்டேன். நாட்டின் போட்டி அமைப்பிலேயே ஒரு கோணல் இருந்தது. 2014-இல் ‘இந்தியன் சூப்பர் லீக்’ எனும் மற்றொரு போட்டியைத் தொடங்கினார்கள். 2019-இல் அதுவே முதற்படி என்று அறிவித்தார்கள். ஐ-லீக்கில் வென்றவர் ஆட்டத் திறத்தால் அம் முதற்படிக்கு ஏறும் வழி, 2022–23 பருவத்தில்தான் திறந்தது. ஆகவே 2019-இல் வென்ற சென்னைக் கழகத்துக்கு ஏறுதற்கு ஏணி இல்லை. வென்றும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று.

ஆயினும் ஒன்று கேட்கின்றேன். ஏணி இல்லை என்பதால் ஏற முடியாமற் போகலாம்; அடியோடு மறைந்து போவானேன்? வேர் இருந்த மரம் காய்க்காமற் போனாலும் நிற்கும். வெட்டி நட்ட கிளை முதற் கோடையிலேயே காயும். வேர் என்பது எது? அதனை அறியவே அந்த எசுப்பானியர் வந்த நாட்டுக்குப் போக வேண்டும்.

கீழ்ப்படிக் கழகங்களின் நாடு

தம் நாட்டில் கீழ்ப்படிகளில் ஆடியவர்களே இங்கு வந்து கோப்பை வெல்கின்றார்கள் என்றால், அந் நாட்டுக் கீழ்ப்படியின் வலிமை எங்கிருந்து வந்தது? அங்கே ஊருக்கு ஒரு கழகம் உண்டு. ஊர்க் கழகம் வென்றால் மேற்படிக்கு ஏறும், தோற்றால் இறங்கும். ஏறினாலும் இறங்கினாலும் ஊரார் அதனோடு நிற்பர். இரண்டே இரண்டு சான்றுகளைக் காட்டுகின்றேன்.

வடக்கே பாசுக்கு மக்களின் நாட்டிலே எய்பார் என்றோர் ஊர். மலையிடுக்கிலே அமைந்த தொழிலூர். துமுக்கி செய்வதில் பெயர் பெற்றது. பின்னர்த் தையற்பொறியும் மிதிவண்டியும் செய்தது. மக்கள் தொகை ஏறத்தாழ 27,000. நம் மன்னார்குடியின் தொகையில் பாதிகூட இல்லை. அவ்வூரில் 1940-இல் உள்ளூர்க் குழுக்கள் இரண்டு இணைந்து ஒரு கழகம் ஆயின. எழுபதாண்டுகளுக்கு மேல் அது இரண்டாம் படியிலும் அதற்குக் கீழான படிகளிலுமே ஆடிவந்தது. 2013-இல் மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறியது. அடுத்த ஆண்டே இரண்டாம் படியில் முதலிடம் பெற்று, உலகப் புகழ் வாய்ந்த பார்சிலோனாவும் மத்திரீதும் ஆடும் முதற்படிக்குத் தகுதி பெற்றது. அதன் இப்புருவா ஆடுகளத்தில் அன்று ஏறத்தாழ 5,000 பேரே அமர முடியும்.

அப்பொழுது ஒரு தடை குறுக்கிட்டது. கழகம் கடனின்றி இருந்தது; ஆனால் சட்டம் கேட்ட முதலளவு அதனிடம் இல்லை. குறித்த நாளுக்குள் ஏறத்தாழ 17 இலக்கம் யூரோ, அன்றைய மதிப்பில் 14 கோடி உரூபா அளவுக்கு முதலைக் கூட்ட வேண்டும். இல்லையேல் களத்தில் வென்ற உரிமையை இழந்து மூன்றாம் படிக்கு இறங்க வேண்டும். ஒரு பெருஞ் செல்வர் வந்து முழுத் தொகையையும் கொட்டியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். எய்பார் மக்கள் அவ் வழியை நாடவில்லை. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றனர். ஒருவர் ஓர் இலக்கம் யூரோவுக்கு மேல் வாங்கக்கூடாதென வரம்பும் கட்டினர். ஏன் வரம்பு? பணம் தேவைதான், ஆனால் கழகம் ஒருவர் கைக்குள் போய்விடக் கூடாது. ஊராரும், கழகத்தை விரும்பிய பிற நாட்டாரும் சிறுசிறு பங்காக வாங்கினர். குறித்த காலத்துக்குள் தொகை சேர்ந்தது.

இதனினும் சுவையான செய்தி ஒன்று கேளுங்கள். முதற்படியில் ஆடிய முதல் ஆண்டில் எய்பார் 18-ஆம் இடத்தையே பெற்றது. இறங்க வேண்டிய இடம் அது. ஆனால் அதற்கு மேலிடம் பெற்றிருந்த எல்ச்சே எனும் கழகம் கடனும் வரி நிலுவையும் வைத்திருந்தமையால், ஒறுப்பாகக் கீழிறக்கப்பட்டது. கடனில்லாத சிறு கழகம் மேலே தங்கியது. கணக்கைச் செம்மையாக வைத்திருத்தலும் களத்தில் இலக்கு அடிப்பதற்கு ஒப்பானதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஏழு பருவங்கள் முதற்படியில் நின்று, 2021-இல் எய்பார் இரண்டாம் படிக்கு இறங்கியது. இறங்கியதே ஒழிய மறையவில்லை. சென்னைக் கழகம் பட்டியலில் மறைந்ததும் அதே 2021-இல்தான். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

பெயரைப் பறித்தவர்கள்

இரண்டாம் சான்று காத்தலோனிய மக்களின் தலைநகரான பார்சிலோனாவிலே உள்ளது. உலகறிந்த பெருங் கழகத்தை நான் சொல்லவில்லை. அந் நகரின் பொப்லெநோ எனும் ஆலைப் பகுதியிலே 1909-இல் தொழிலாளர் நடுவே தோன்றிய ‘சூபிட்டர்’ எனும் சிறு கழகத்தைச் சொல்கின்றேன். அக் கழகத்தின் சின்னத்திலே காத்தலோனியரின் நாற்கோட்டுக் கொடியும் நீல விண்மீனும் இருந்தன. 1923 முதல் 1930 வரை நடந்த பிரீமோ தெ இரிவேராவின் வல்லாட்சி அச் சின்னத்தைப் பொறுக்கவில்லை, மாற்றச் செய்தது. 1936 சூலையில் படைத்தலைவர்கள் குடியரசை எதிர்த்துக் கிளர்ந்தபொழுது, அவர்களை எதிர்க்கத் தொழிலாளர் படை திரண்ட இடம் சூபிட்டர் கழகத்தின் ஆடுகளத்தை ஒட்டிய தெரு. போரில் குடியரசு தோற்றது. வென்ற பிராங்கோ ஆட்சியில் கழகத்தின் பெயரே ‘எர்க்குலீசு’ என மாற்றப்பட்டது. பின்னர் அது பிறந்த பகுதியை விட்டே வேறிடம் பெயர வேண்டியதாயிற்று. ஆயினும் அது அழியவில்லை. பழைய பெயரையும் பழைய சின்னத்தையும் மீட்டுக்கொண்டது. கீழ்ப்படியில்தான் ஆடிவருகின்றது, ஆனால் தன் பெயரில் ஆடிவருகின்றது.

அவ்வாட்சி சிறு கழகத்தை மட்டுமா தொட்டது? 1941-இல் பெருங் கழகங்களின் பெயர்களும் ஆளும் மொழியாகிய காசுத்தீலிய மொழிக்கு மாற்றப்பட்டன. பாசுக்கு நாட்டின் ‘அத்லெட்டிக்’ கழகம் ‘அத்லெத்திக்கோ’ ஆக்கப்பட்டது. பார்சிலோனாக் கழகத்தின் பெயரில் சொற்களின் வரிசையை மாற்றினர். சின்னத்தில் இருந்த காத்தலோனியக் கொடியின் நான்கு செங்கோடுகளை இரண்டாகக் குறைத்தனர். சொல் வரிசையில் என்ன இருக்கின்றது என்று நம்மவர் சிலர் கேட்பர். அம் மக்கள் அவ்வாறு கேட்கவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருந்து, 1970-களில் தம் பழம்பெயரை மீட்டனர்.

இளைஞர்களே! அங்கே பெயரைப் பறிக்க ஒரு படையே தேவைப்பட்டது. இங்கே யாரும் பறிக்காமல் நாமே பெயரைக் கொடுத்துவிடலாமா? ஒரு வணிக நிறுவனத்தின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஆடும் கழகம், அந் நிறுவனம் கடை மூடும் நாளில் எந்தப் பெயரால் நிற்கும்? கழகம் என்பது பழந்தமிழ்ச் சொல். கூடிப் பயிலும் இடமும் கழகம். கூடி ஆடும் இடமும் கழகம். திருக்குறளிலே சூதாடும் களத்துக்கும் அச் சொல் வந்துள்ளது. கூடுவது எதற்கு என்பதைப் பொறுத்தே கழகத்தின் உயர்வும் தாழ்வும்.

தஞ்சை மண்ணின் கால்கள்

இவையெல்லாம் அயலார் கதை. நம் படுகையில் ஆட்டக்காரர் உண்டோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு பெயரைச் சொல்கின்றேன்: கலியா குலோத்துங்கன். தஞ்சையைச் சேர்ந்தவர், சோழ வேந்தர் தாங்கிய பெயரைத் தாங்கியவர். நடுக்கள ஆட்டக்காரர். 2003 சூலை 26-ஆம் நாள் சகார்த்தா நகரில் நடந்த ஆசியான் கழகங்களின் இறுதி ஆட்டத்தில், தாய்லாந்தின் பெக் தெரோ சசானாவை மூன்றுக்கு ஒன்று எனக் கீழை வங்கக் கழகம் வென்றது. அப் போட்டியில் கோப்பை வென்ற அணியில் நம் தஞ்சைப் பிள்ளையும் ஒருவர். மோகன் பகான், மும்பை, கேரளம் எனப் பல கழகங்களில் ஆடினார். 2018 சூன் திங்களில் தஞ்சையிலே சாலை நேர்ச்சியில் அவர் மறைந்தபொழுது அகவை நாற்பதை ஒட்டியே இருந்தது. வங்கத்து ஆர்வலர் அவருக்காக வருந்தினர். நம்மூரிலே அவர் யாரென்று அறிந்தவர் எத்தனை பேர்? இங்கே கைதூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்?

அவர் ஏன் கல்கத்தாவுக்குப் போனார்? அங்கே 1889-இல் பிறந்த மோகன் பகானும், 1920-இல் பிறந்த கீழை வங்கமும் இருந்தன. தலைமுறை தலைமுறையாக மக்கள் நெஞ்சில் வேர்விட்ட கழகங்கள் அவை. 1911-இல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் படையணியை வென்றதை வங்கத்துப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வர். நம் படுகையில் காலுக்குக் குறைவில்லை. அக் கால் நிற்பதற்குக் கழகம் இல்லை. மேட்டூர் நீர் வயலுக்கு வராமல் கடலுக்குப் போவதுபோல், நம் பிள்ளைகளின் ஆற்றல் பிற ஊர்க் கழகங்களுக்குப் போயிற்று.

தமிழ்நாட்டில் வேர்விட்ட முயற்சியே இல்லையா என்றால், உண்டு. அதைச் செய்து காட்டியவர்கள் நம் பெண்மக்கள். நமக்கு வடக்கே கடலூரிலே, 2004 கடற்கோளுக்குப் பின், எளிய வீட்டுப் பெண்பிள்ளைகளைத் திரட்டி ஓரிடத்தில் தங்கவைத்துக் கால்பந்து பயிற்றினர். அம் மண்ணிலிருந்து இந்துமதி கதிரேசன் போன்றோர் இந்திய அணிக்கே சென்றனர். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இலும் 2023-இலும் நாட்டளவில் முதலிடம் பெற்றது. மதுரையின் சேது கழகம் 2019-இல் மகளிர் கூட்டமைப்புப் போட்டியை வென்றது. ஆடவர் அணியோ, 1941-இல் தொடங்கிய சந்தோசுக் கோப்பையை ஒருமுறையும் வென்றதில்லை. 2012-இல் இறுதி ஆட்டம் வரை சென்று திரும்பியது. மகளிர் பெற்ற வெற்றி ஒரு பருவத்தோடு முடியவில்லை. ஐந்தாண்டு கழித்தும் திரும்ப வந்தது. ஏனெனில் அது இளமையில் விதைத்த விளைச்சல்.

நாம் செய்ய வேண்டுவன

இனி உங்கள் கேள்விக்கு வருகின்றேன். உழவர் மக்களாகிய உங்களுக்கு உழவின் மொழியிலேயே விடை சொல்லலாம். தன் வயலுக்குரிய மடை பிறன் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதை இப் படுகை மக்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அவன் திறந்தால் குறுவை; மூடினால் தரிசு. முழுச் செலவையும் ஒருவர் ஏற்கும் கழகமும் அத்தகையதே. அச் செல்வர் நல்லவராகவே இருக்கலாம். நல்லவர் கையில் இருப்பினும் மடை மடைதான்.

அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. எய்பார் மக்கள் செய்ததைச் செய்யுங்கள். வரம்பு கட்டுங்கள். ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எவரிடமும் பெறுவதில்லை என்று விதி எழுதுங்கள். அவ்வளவுக்கு அவர் தரட்டும், நன்றியோடு பெற்றுக்கொள்வோம். எஞ்சியது ஊரிலிருந்து வர வேண்டும். நூறு வீடுகள் திங்களுக்கு ஐம்பது உரூபா தந்தால் ஆண்டுக்கு 60,000 உரூபா. பந்துக்கும் வலைக்கும் பயிற்றுநரின் வழிச்செலவுக்கும் அது நல்ல தொடக்கம். பணம் தர இயலாத வீடு ஒருநாள் உழைப்பைத் தரட்டும். வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஓராள் வந்த ஊர்கள் அல்லவா நம்முடையவை? குடிமராமத்து என அயற்சொல் கலந்து வழங்கினும் அம் முறை நம் முன்னோருடையது. வாய்க்காலுக்குப் பொருந்தியது களத்துக்கும் பொருந்தும்.

களத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று நீங்கள் ஆடுவது எங்கே? அறுவடை முடிந்த வயலிலே, அரிதாள் குத்தும் கட்டாந்தரையிலே. ஆற்றில் தண்ணீர் வந்து உழவு தொடங்கினால் உங்கள் களம் சேறாகும், கழகம் கலையும். நஞ்சைக்கு நடுவே நீர் ஏறாமல் மேடாக நிற்கும் நிலத்தைத் திடல் என்பது நம் பக்கத்து வழக்கு. ஊர்ப் பொதுவில் அத்தகைய திடல் ஒன்று இருந்தால், அதனை ஊராட்சியின் தீர்மானத்தோடு விளையாட்டுக்கென ஒதுக்கச் செய்யுங்கள். கோப்பைக்கு முன் களம். சென்னையின் பெயரில் கோவையில் ஆட நேர்ந்த கழகத்தை மறவாதீர்கள்.

கழகத்தைத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கொருமுறை, பொங்கலை ஒட்டி, வரவு செலவை ஊரறியப் படியுங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வாகத் தகுதியற்றவர் என்று விதித்தது. அவ்வவை எல்லா மக்களுக்கும் திறந்திருந்த அவை அன்று. அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் கணக்கு விதி கொள்ளத்தக்கது.

திறந்திருத்தல் என்றேன். அதுவே எல்லாவற்றிலும் தலையாயது. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு ஓரணி, சேரிப் பிள்ளைகளுக்கு ஓரணி என்று இக் கழகம் பிரியுமானால், எய்பார் கதையும் சூபிட்டர் கதையும் நமக்குப் பயன்படா. ஒரே களம், ஒரே பந்து, ஒரே பானைத் தண்ணீர். இதற்கு இசையாதவர் நூறு இலக்கம் தந்தாலும் வேண்டா. பெண்பிள்ளைகளுக்கும் கிழமையில் நாள்கள் ஒதுக்குங்கள். அவர்களே நம் நாட்டுக்கு வெற்றி தேடித் தந்தவர்கள் என்பதைச் சற்று முன்னர்க் கண்டோம்.

வெளியார் வேண்டவே வேண்டாவா என்று கேட்கலாம். பயிற்றுநராக ஒருவரை அழையுங்கள். தகுந்த ஊதியம் கொடுங்கள். ஒரு நல்ல பயிற்றுநர் போகும்பொழுது கற்பித்ததை விட்டுச் செல்வார். கூலிக்கு வந்த எழுவர் போகும்பொழுது ஏழு வெற்றிடங்களை விட்டுச் செல்வர். பதினான்கு அகவைக்குட்பட்ட சிறுவர் சிறுமியரிடமிருந்து தொடங்குங்கள். முதலாண்டு தோற்பீர்கள், இரண்டாமாண்டும் தோற்கலாம். நாற்று நட்ட மறுநாளே கதிர் தேடும் உழவன் எவனும் இல்லை.

பெயர் ஒன்றே எஞ்சியது. ஊரின் பெயரை வையுங்கள். தூய தமிழிலே வையுங்கள். ஆடும்பொழுது இலக்கு, தண்ட உதை, நடுவர், காவலர் என்ற சொற்களையே கூவுங்கள். ஒரு தலைமுறை கூவினால் அவை இயல்பாகிவிடும். ‘கால்பந்து’ என்ற சொல் இயல்பானது அவ்வாறுதான்.

இன்றிரவு நீங்கள் கூடி முடிவெடுக்கப் போகின்றீர்கள். முடிவு உங்களுடையது. ஊர்ப் பெரியோர்களையும் தாய்மார்களையும் ஒன்று கேட்டுக்கொள்கின்றேன். இளைஞர்கள் நாளை உறுப்பினர் ஏட்டை ஏந்தி உங்கள் வாயிலில் நிற்பார்கள். அப்பொழுது ஐம்பது உரூபாவோடு உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரையும் அதில் எழுதிக் கொடுங்கள்.